திருப்பதியம் விண்ணப்பஞ் செய்வார் வாழ்வும் அரசாணைகளும்

அரசு பிறப்பிக்கும் ஆணைகள் தலைநகரத்தே எழுதப்படுகின்றன. அவற்றின் பயனோ ஊர்தோறும் மனைதோறும் சென்று, ஈற்றில் அடுக்களையிலே முடிகின்றது. ஆணை எழுதுவோர் நிலத்தையும் வரியையும் உரிமையையும் நோக்கி எழுதுவர். அவ்வாணையின்கீழ் வாழ்வோர்க்கு அது, இன்று உலையில் அரிசி ஏறுமோ ஏறாதோ என்னும் வினாவாய் வந்து நிற்கும். இதனை விளக்கப் பல தொழிலும் பல குடியும் எடுத்துக்காட்டாகலாம். ஈண்டு யாம் எடுத்துக்கொள்வது, சிவாலயங்களில் திருமுறை ஓதுதலையே வாழ்வாகக் கொண்ட ஓதுவார் குடியையும், அக்குடி தழைத்திருந்த காவிரி நாட்டுக் கோயிலூர்களையுமாம். என்னை? ஒரு பணிக்கு உரிய ஊதியம் ஆயிரம் ஆண்டுகட்கு மேலாக அரசாணையின் வழியே எங்ஙனம் மாறிவந்தது என்பதனைக் கல்லிலும் ஏட்டிலும் சட்டத்திலும் தொடர்ந்து காண்டற்கு, இத்துணை வாய்ப்புடையது பிறிதொன்று அரிதாகலின்.

இறைவன் திருமுன்னர்த் திருப்பதியம் பாடுவார்க்கு நிவந்தம் வகுத்த செய்தி, மூன்றாம் நந்திவர்மன் காலத்ததாகக் கருதப்படும் திருவல்லக் கல்வெட்டிலேயே காணப்படுகின்றது. அது கி. பி. ஒன்பதாம் நூற்றாண்டினது. ஊர் வருவாயைக் கோயிற் செலவினங்கட்குப் பகுக்குங்கால், திருப்பதியம் பாடுவாரையும் அது உடன்வைத்து எண்ணுகின்றது. சோழவேந்தர் காலத்தில் இந்நிவந்தங்கள் பெருகின. அவற்றுட் தலையாயது, முதலாம் இராசராச சோழதேவர் தஞ்சை இராசராசேச்சரத்துக்கு வகுத்ததாகும். அவரது 29-ஆம் ஆட்சியாண்டினைக் குறிக்கும் கல்வெட்டு, அஃதாவது கி. பி. 1014-ஐ ஒட்டியது, திருப்பதியம் விண்ணப்பஞ் செய்யும் பிடாரர் 48 பேரையும், உடுக்கை வாசிப்பான் ஒருவனையும், கொட்டிமத்தளம் வாசிப்பான் ஒருவனையும், ஆக ஐம்பதின்மரைப் பெயர் பெயராக எழுதி வைத்துள்ளது. இவருள் ஒவ்வொருவர்க்கும் நாடோறும் முக்குறுணி நெல். அதனை அளக்கும் மரக்காலுக்கு ஆடவல்லான் என்பது பெயர். கூத்தப்பெருமான் பெயரையே அளவு கருவிக்கு இட்டு, அக்கருவியாலேயே அவன் புகழ் பாடுவார்க்கு அளந்தனர் என்றால், அக்காலத்தார் உள்ளத்தை என்னென்பது!

இவ்வாணையில் நாம் ஊன்றி நோக்கத்தக்கன மூன்று உள. முதலாவது, ஊதியம் நெல்லாய் இருந்தமை. மூன்று குறுணி என்பது கலத்திற் காற்பங்கு. நான்கு நாளைக்கு ஒரு கலமாக, ஓர் ஆண்டிற்குத் தொண்ணூறு கலத்திற்குமேல் ஒருவர்க்குச் சேரும். விலை ஏறினும் இறங்கினும் அவர்தம் பானையின் அளவு மாறாது. இரண்டாவது, அந்நெல் உள்ளூர்ப் பண்டாரத்தினின்றே அளக்கப்பட்டமை. கொடுப்போரும் கொள்வோரும் ஓரூரினர். குறை நேரின் முறையிடும் இடம் கூப்பிடு தொலைவு. மூன்றாவது, பின்வருவோரைக் குறித்த விதி. ஒருவர் இறந்துபடினும் வேற்றூர்க்குப் போயினும், அவர்க்கு அடுத்த உறவினர் அப்பணியை ஏற்கலாம். அவ்வுறவினர் தாம் தகுதியிலராயின், தகுதியுடையார் ஒருவரை இட்டுப் பாடுவித்தே நெல்லைப் பெறுதல் வேண்டும். குடிவழியும் தகுதியும் ஒருங்கே வேண்டப்பட்டன. இரண்டும் முரணுமிடத்துத் தகுதியே முற்பட்டது. இதனைப் பின்னர் வரும் செய்திகளோடு ஒப்பிடுதற்பொருட்டு அன்பர்கள் நினைவில் வைக்க.

அந்நெல் வந்த வழியையும் மறைத்தல் ஆகாது. தேவதான நிலங்களில் உழுதோர் குடிவாரம் போக எஞ்சிய மேல்வாரமே கோயிற் பண்டாரத்தை நிறைத்தது. பிற்காலத்தே காவிரி நாட்டில் குடிவாரம் மிகச் சுருங்கிற்று. சேற்றில் நின்று நாற்று நட்டோருட் பலர், தாம் விளைத்த நெல்லால் நடைபெறும் பூசையைத் திருவாயிலுக்கு வெளியே நின்றுங்கூடக் காண இயலாதவராய் இருந்தனர். திருநாளைப்போவார் வரலாற்றை ஆண்டுதோறும் குருபூசை செய்து போற்றும் நாம், இக்குறையைப் பண்டை வழக்கென்று சொல்லி ஒதுக்குதல் முறையன்று. பின்னெழுந்த சட்டங்கள் சில இக்குறையினின்றே பிறந்தன ஆகலின், இதனை முதற்கண் கூறினாம்.

சோழர்க்குப் பின்னர் நாயக்கர், மராட்டியர் காலங்களில் கோயிற்பணிகள் பெரும்பாலும் ஊழிய மானியங்களாய் நிலைபெற்றன. அருச்சகர், ஓதுவார், மேளக்காரர், மெய்காவலர், மாலை கட்டும் பண்டாரம், மடைப்பள்ளியார், மட்கலம் வனையும் வேட்கோவர் என இன்னோர்க்குத் தனித்தனி நிலம் விடப்பட்டது. தேசிகர் என்னும் பட்டம் பூண்ட ஓதுவார் ஒருவர், காலசந்தி முதல் அர்த்தசாமம் வரை பண்ணடைவே பாடிவிட்டு, எஞ்சிய பொழுதில் தம் மானிய வயலுக்கு நீர் பாய்கின்றதா என்று பார்த்து வருவார். திண்ணையிற் சிறார்க்குப் பதிகமும் சொல்லிக்கொடுப்பார். மடத்தில் யாம் பாடங்கேட்ட நாளிற்கூட, முதிய ஓதுவார் சிலர் “கோயிற் சம்பளம்” என்று சொல்லக் கேட்டிலேம். “கோயில் நெல்” என்றே அவர் நா வழங்கிற்று. நெல் போய்க் காசு வந்து நெடுங்காலமாகியும் சொல் மட்டும் போகவில்லை.

இனி, நெல் காசாய வரலாற்றைக் காண்போம். 1799-இல் தஞ்சைச் சீமையின் ஆட்சி சரபோசி மன்னரிடமிருந்து ஆங்கிலக் கும்பினியார் கைக்கு மாறிற்று. 1817-ஆம் ஆண்டின் 7-ஆம் ஒழுங்குவிதி, கோயில் பள்ளிவாசல் கல்விச்சாலை சத்திரம் முதலியவற்றின் மானியங்கள் உரிய வழியிற் செலவாகின்றனவா என்று கண்காணிக்கும் பொறுப்பை வருவாய்க் கழகத்தாரிடம் ஒப்புவித்தது. மாவட்டந்தோறும் கலெக்டர்கள் கோயிற்கணக்கைப் பார்க்கலாயினர். அறங்காவலர் சிலர் கோயிற்பொருளைத் தம்பொருளாக்கிய கேடு இதனால் ஓரளவு தடைப்பட்டது என்பது உண்மையே. ஆயினும் வேறொரு மாற்றமும் உடன் நிகழ்ந்தது. கோயில்கட்குரிய நிலங்கள் சிலவற்றை அரசினர் தம் கணக்கிற் சேர்த்துக்கொண்டு, அவற்றிற்கு ஈடாக ஆண்டுதோறும் இவ்வளவு பணம் என்று அறுதியிட்டுத் தந்தனர். தஞ்சை நாட்டார் இதனை மோகினிப் பணம் என்றும் தஸ்திக்கு என்றும் வழங்கினர்.

அறுதியிட்ட பணம் என்னும் இச்சொல்லிலேயே தீங்கு அடங்கியிருந்தது. விளங்குதற்பொருட்டு ஒரு கணக்குக் கொள்வோம். கலம் ஒரு ரூபாய்க்கு விற்கும் நாளில் ஒருவர்க்கு ஆண்டிற்குப் பன்னிரண்டு ரூபாய் என்று விதித்தால், அது பன்னிரண்டு கலம் நெல். கலம் மூன்று ரூபாய்க்கு விற்கும் நாளில் அதே பன்னிரண்டு ரூபாய் நான்கு கலமே. விதித்தவர் ஒரு காசும் குறைத்திலர். பெறுபவர்க்கோ மூன்றில் இரண்டு பங்கு போயிற்று. எவரும் எடுத்துக்கொள்ளாமலே ஒரு குடியின் உணவு தேய்ந்துபோகும் விந்தை இஃது. ஏட்டில் எழுதிய தொகை அசையாது நிற்க, சந்தை மட்டும் நடந்துகொண்டே இருந்தது. ஆடவல்லான் மரக்கால் இருந்த இடத்தில் அசையா எண் ஒன்று வந்து அமர்ந்தது என்க.

கிறித்தவ அரசு புறச்சமயத்தார் கோயிலை நிருவகித்தல் தகாது என்று பாதிரிமார் எழுப்பிய கிளர்ச்சியால், 1840-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கும்பினியார் இப்பொறுப்பினின்று விலகத் தலைப்பட்டனர். 1863-ஆம் ஆண்டின் 20-ஆம் சட்டம் அவ்விலகலை முடிவுசெய்தது. பல கோயில்களின் மேற்பார்வை வட்டாரக் குழுக்களிடம் விடப்பட்டது. அக்குழு உறுப்பினர்க்குப் பதவி வாழ்நாள் முழுமைக்கும் உரியது. குறையுடையார் உரிமைமன்றத்தில் வழக்கிட்டே பரிகாரம் பெறுதல் வேண்டும். மானியமின்றி மாதப்படியை நம்பி வாழும் ஓதுவார் ஒருவர், அப்படி நிறுத்தப்பட்டக்கால், வழக்குரைஞர்க்குக் கொடுக்கும் பொருட்டு எங்கே செல்வார்? முன்பு கூப்பிடு தொலைவில் இருந்த முறையீடு, இப்பொழுது வழியும் செலவும் வேண்டும் முறையீடாயிற்று.

இதே காலத்தில் மற்றொரு பெருமாற்றமும் நிகழ்ந்தது. சென்னை மாகாணத்தில் 1858-இல் அமைந்த இனாம் ஆணையம் ஊர்தோறும் மானியங்களை ஆராய்ந்து, இனாம் பதிவேட்டில் ஏற்றி, உரிமைப் பத்திரம் வழங்கிற்று. கோயில் ஊழிய மானியங்கள், ஊழியம் நடைபெறும்வரை செல்லும் என்னும் நிபந்தனையோடு உறுதிசெய்யப்பட்டன. ஓதுவார் குடிகட்கு இது பெருந்துணையாயிற்று. செவிவழி உரிமை எழுத்துரிமையாயிற்று. இன்றும் வழக்குமன்றங்களில் அப்பதிவேடு சான்றாக எடுத்துக்காட்டப்படுகின்றது. ஆயினும் எழுத்தில் ஏறாது விடுபட்டவற்றிற்குப் போக்கிடம் இல்லாதொழிந்தது. ஊரார் மனம்வைத்து ஆண்டுதோறும் களத்தில் அளந்துவந்த சில்லறை நெல் எந்தப் பத்திரத்திலும் ஏறவில்லை. எழுதப்பட்டதே உரிமை என்ற எண்ணம் வேரூன்றவே, எழுதப்படாதது நாளடைவில் நின்றுபோயிற்று.

1925-ஆம் ஆண்டிற் பிறந்து, 1927-இன் 2-ஆம் சட்டமாய்த் திருத்தி நிலைபெற்றது சென்னை இந்து அறநிலையச் சட்டம். பனகல் அரசர் அமைச்சவைக் காலத்தில் இது முதற்கண் இயற்றப்பட்டது. ஆணையர் கழகம் ஒன்று அமைந்தது; வரவுசெலவுத் திட்டமும் தணிக்கையும் கோயில்கட்குக் கட்டாயமாயின. தித்தம் எனப்படும் செலவுத்திட்டத்தில் ஓதுவார்க்கென ஓர் இனம் எழுதப்பட்டதாயின், அதனை அறங்காவலர் தம் விருப்பிற்கேற்ப நிறுத்துதல் எளிதன்றாயிற்று. அதே சமயம், வருவாய் குறைந்த கோயிலில் முதலில் வெட்டுண்ணும் இனம் எதுவென்று பார்த்தால், பெரும்பாலும் பாடுவார் இனமே. நைவேத்தியம் இன்றிப் பூசை நடவாது, விளக்கின்றி நடவாது, பாட்டின்றி நடந்துவிடும் என்று கணக்கர் எண்ணினர். சைவர்க்கு இக்கணக்கு உடன்பாடாமோ?

நிலமும் ஊழியமும் பிரிக்கப்பட்ட செய்தி ஒன்றையும் ஈண்டுக் கூறல் தகும். முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் முயற்சியால் 1929-இல் அறநிலையச் சட்டம் திருத்தப்பெற்றது. கோயிலுக்குப் பொட்டுக்கட்டிய மகளிரின் மானிய நிலங்கள் ஊழியக் கட்டினின்று விடுவிக்கப்பட்டு, அவர்க்கே உரியவாகும் வழி பிறந்தது. 1947-இன் 31-ஆம் சட்டம் பொட்டுக்கட்டும் வழக்கத்தையே ஒழித்தது. ஒரு குடியிற் பிறந்த பெண்மக்கள் தம் வாழ்வைத் தாமே தெரிந்துகொள்ளும் நிலையை இச்சட்டங்கள் தந்தன. இதனை நன்றென்று கூறாதார் அறமறியாதார். ஆயின், இராசராசேச்சரத்துக் கல்வெட்டில் திருப்பதியம் பாடுவாரோடு தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேர் எண்ணப்பட்டனர் என்பதனையும், பிற்காலக் கல்வெட்டுகள் கோயில் மகளிர் பாசுரம் பாடியமையைக் கூறுகின்றன என்பதனையும் கருதின், இழிவு நீங்கியபொழுது அதனோடு ஓர் இசைமரபும் கோயிலை விட்டு நீங்கிற்று எனல் தெளிவாம். இழிவை நீக்கி இசையை நிறுத்திக்கொள்ளும் வழியை நாடியிருக்க வேண்டியவர் சட்டமியற்றினோர் மட்டுமல்லர், நாமுமே.

1939-இல் மதுரையில் வைத்தியநாத ஐயர் முன்னின்று நடத்திய ஆலயப்பிரவேசமும், அதனைத் தொடர்ந்து அவ்வாண்டு எழுந்த சட்டமும், 1947-இன் 5-ஆம் சட்டமும், நெல் விளைத்தோர்க்குத் திருவாயிலைத் திறந்தன. மேலே யாம் கூறிய குறை சட்டத்தளவில் தீர்ந்தது. ஓதுவார் குரலைக் கேட்கும் செவிகள் பெருகின. இத்திருத்தத்தாற் கோயிலுக்கு ஒரு படி நெல்லும் குறைந்ததில்லை, பெருமை கூடிற்று.

அடுத்து வந்தவை நிலச்சீர்திருத்தங்கள். 1948-இன் 26-ஆம் சட்டம் ஜமீன் இனாம் ஊர்களை ஒழித்து இரயத்துவாரி முறைக்குக் கொணர்ந்தது; அறநிலையங்கட்குரிய ஊர்களுக்கு ஈடாக ஆண்டுதோறும் தஸ்திக்கு வழங்க விதித்தது. பழைய சொல்லே மீண்டும் வந்தது காண்க. 1952-இல் தஞ்சை மாவட்டத்திற்கெனத் தனியே எழுந்த சாகுபடியாளர் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் குடிவாரத்தை ஐந்தில் இரண்டாக உயர்த்திற்று. 1956-இன் நியாயவாரச் சட்டம் நன்செயில் நிலமுடையார் பங்கை ஐந்தில் இரண்டிற்கு மேற்படாதவாறு வரையறுத்தது. 1961-இன் 57-ஆம் சட்டம் பொது அறநிலையங்களின் வேளாண் நிலங்களைக் குறித்தே தனியாக எழுந்தது. 1963-இன் 30-ஆம் சட்டம் சிறு இனாம்களையும் ஒழித்தது. ஊழிய மானியம் உடையார், ஊழியத்தைத் தொடர்ந்து செய்து நிலத்தை அனுபவிக்கலாம், அன்றி உரிய தொகையைக் கோயிலுக்குச் செலுத்தி ஊழியத்தினின்று விடுபடலாம் என்று இருவழி காட்டிற்று.

இவற்றின் பயன் இருதிறப்பட்டது. உழுவோன் களத்தினின்று தலை நிமிர்ந்து வீட்டிற்குச் சென்றான். அவன் பிள்ளை பள்ளிக்குச் சென்றது. அதே களத்தினின்று கோயிற் பண்டாரத்திற்கு வந்த வண்டிகள் குறைந்தன. வாரபாக்கி ஏட்டில் ஏறிற்று. ஓதுவார் மானியத்தைத் தாமே உழாது குத்தகைக்கு விட்டிருந்த குடிகட்கு வருவாய் சுருங்கிற்று. அவர்தம் மைந்தர் எழுத்தர்களாயும் ஆசிரியர்களாயும் நகரம் புகுந்தனர். இதனைக் குற்றமெனக் கூறுவார் உளரேல், அவர்தம் மைந்தரை முதலில் ஓதுவாராக்குக. உழவன் உண்பதும் நீதி. பாடுவோன் உண்பதும் நீதி. ஒரு தட்டில் நெல்லை எடுத்து மறுதட்டில் வைத்த சட்டம், முதல் தட்டை நம்பியிருந்த எளியார்க்கு வேறு நெல் எங்கிருந்து வரும் என்பதனை எண்ணாது விட்டதே குறை.

1951-இலும், பின்னர் 1959-இன் 22-ஆம் சட்டத்தாலும், கோயில்கள் அரசுத் துறையின் நேர்ப்பார்வைக்கு வந்தன. 1971-இல் நடைமுறைக்கு வந்த திருத்தம், அருச்சகர் முதலிய உள்துறைப் பணியாளர்க்குக் குடிவழி உரிமை மட்டும் பற்றிப் பணி இல்லை என்று விதித்தது. 1972-இல் உச்சநீதிமன்றம், ஆகம விதி பேணப்படல் வேண்டும் என்று கூறி, அத்திருத்தம் செல்லும் என்றது. இதனைப் புத்தம்புது வழக்கென்று பலர் வியந்தனர், சிலர் வெகுண்டனர். இராசராசர் ஆணையைப் பயின்றோர்க்கு வியப்பில்லை. தகுதியில்லா உறவினன் தானே பாடலாகாது என்று ஆயிரம் ஆண்டிற்கு முன்னரே கல்லில் வெட்டப்பட்டது அன்றோ? 2021 ஆகஸ்டுத் திங்களில் தமிழக அரசு கோயிற்பணிக்கு 58 பேரை நியமித்தபொழுது, பயிற்சி பெற்ற பல சாதியாரும், அவரோடு பெண் ஓதுவார் ஒருவரும் அவருள் இருந்தனர். காரைக்காலம்மையாரைத் திருமுறையாசிரியருள் வைத்துப் போற்றும் மரபிற்கு இஃது ஏலாததன்று.

இன்றைய நிலையை நோக்குவோம். வருவாய் மிக்க பெருங்கோயில்களில் ஓதுவார்க்கு மாதந்தோறும் ஊதியம் உண்டு. பயிற்சிப்பள்ளிகளில் மாணவர்க்கு ஊக்கத்தொகையும் உண்டு. மறுபுறம், 1986-இல் தொடங்கிய ஒருகால பூசைத் திட்டத்தின்கீழ் 12,000-க்கு மேற்பட்ட சிறுகோயில்கள் உள்ளன. நாளொன்றுக்கு ஒருமுறை விளக்கேற்றுதற்கே துணை வேண்டி நிற்கும் கோயிலில் ஓதுவார்க்கு இடம் யாண்டையது? பாடல்பெற்ற தலங்களிலேயே அத்தலத்துப் பதிகத்தைப் பாட ஆளின்றி, ஒலிப்பெட்டி பாடக் கேட்கும் நிலை சிலவிடத்து உண்டு. ஒலிப்பெட்டிக்கு உலை வேண்டா. ஆனால் அது சிறுவன் ஒருவனை அருகிருத்திப் பண் திருத்திக் கற்பிக்கவும் மாட்டாது.

இவ்வரலாற்றால் யாம் துணிவது யாதெனின்: சீர்திருத்தங்களுட் பெரும்பாலன ஒவ்வொரு கேட்டை நீக்குதற்கே எழுந்தன, பலவற்றை நீக்கவும் செய்தன. ஆயினும் ஒவ்வோர் ஆணையும் கோயிலூர் வாழ்வின் ஓரிழையை மட்டும் பற்றி இழுத்தது. நிலத்தைத் திருத்தியது ஊழியத்தை மறந்தது. கணக்கைத் திருத்தியது விலைவாசியை மறந்தது. உரிமையைத் திருத்தியது பயிற்சியை மறந்தது. இராசராசர் ஆணையோ இத்துணைப் பேர், இவ்வளவு நெல், இவ்வளவை, பின்வருவோர் இன்னர் என நான்கையும் ஓரிடத்தே கட்டிற்று. அவ்வாணை உழுவோனை மறந்தது; இன்றைய ஆணை அவனை மறவாது, மற்றை நான்கையும் ஒருங்கே கட்டுமாயின், அதனினும் சிறந்தது பிறிதில்லை. பாடல்பெற்ற தலந்தோறும் ஓதுவார் ஒருவரேனும் இருத்தல் வேண்டும் என்று எண் வரையறுத்து, விலைவாசிக்கேற்ப ஊதியம் வகுத்து, ஒருவர் ஓய்வுபெறுமுன் மற்றொருவர் பயின்றிருக்கச் செய்வதே அவ்வாணையின் சாரம்.

அரசு செய்யத்தக்கது அது. ஊரார் செய்யத்தக்கதும் ஒன்று உண்டு. சட்டம் ஊதியம் தரலாம். செவி தர மாட்டாது. சாயரட்சையில் ஓதுவார் வெற்று மண்டபத்தை நோக்கிப் பாடுவாராயின், நாளடைவில் அவ்வினம் செலவுத்திட்டத்தினின்று நீங்குவதை எவரும் அறியமாட்டார். அவ்வேளையில் ஊரார் பத்துப்பேர் மண்டபத்தில் அமர்ந்திருப்பாராயின், அவ்வினத்தின்மேல் கைவைக்க எவர்க்கும் துணிவு வாராது. சைவ நன்மக்கள் தத்தம் ஊர்த் திருக்கோயிலில் ஓதுவார் உளரா என்று முதலில் அறிக. உளராயின் மாலைதோறும் சென்று கேட்க. இலராயின் ஊர் கூடி, ஒரு குடும்பம் உண்ணும் அளவேனும் கட்டளை ஒன்று வைக்க முயல்க. தம் சிறாருள் குரலும் விருப்பும் உடையாரை, ஆணாயினும் பெண்ணாயினும், பண்ணோடு ஓதப் பயிற்றுக. ஆடவல்லான் பெயரிட்ட மரக்காலை இனி அளப்பது நம் கையே ஆகுக.

திருச்சிற்றம்பலம்.